டார்டனெல்ஸ் 1915: மறுநாளும் கப்பல்கள் போயிருந்தால் வழி திறந்திருக்குமா?

அலைமகன் (இழையைத் தொடங்கியவர்)

முதல் உலகப்போர் பேச்சு வந்தாலே இந்த வாதமும் கூடவே வந்துவிடுகிறது. 1915 மார்ச் 18 அன்று பிரிட்டிஷ், பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் டார்டனெல்ஸ் நீரிணைக்குள் புகுந்தன, மாலையில் திரும்பிவிட்டன. துருக்கியர்களிடம் குண்டு தீர்ந்துபோயிருந்தது, மறுநாள் காலையில் மறுபடி போயிருந்தால் கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) விழுந்திருக்கும், அதன் பிறகு நடந்த கலிப்போலி தரைப்போரே தேவைப்பட்டிருக்காது என்கிறார்கள்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஏஜியன் கடலிலிருந்து மர்மரா கடலுக்குப் போகும் இந்த நீரிணை சுமார் 60 கிலோமீட்டர் நீளம். சனக்கலேவுக்கும் கிலித்பஹீருக்கும் நடுவில் அகலம் ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. அந்த இடுக்குக்கு முன்னால் நீரிணையின் குறுக்கே பத்து வரிசையாகக் கடற்கண்ணிகள், அதாவது தண்ணீருக்குள் மிதக்கவிட்ட வெடிகள். இரு கரையிலும் கோட்டைகள். கோட்டைகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் இடம் மாற்றி மாற்றிச் சுடக்கூடிய ஹவிட்சர் பீரங்கிகள். இரவுக்குத் தேடுவிளக்குகள்.

கோட்டைகளை உடைத்தால் வழி திறந்துவிடும் என்ற கணக்கில்தான் கப்பல்களை அனுப்பினார்கள். ஆனால் வழியை உண்மையில் அடைத்துக்கொண்டிருந்தவை கண்ணிகள். அவற்றை அகற்ற வருகிற படகுகளை விரட்டுவதற்கு ஹவிட்சர்கள். ஹவிட்சர்களை அடக்கப் பெரிய கப்பல்கள் நெருங்கிப் போக வேண்டும், நெருங்கவிடாமல் தடுப்பவையும் கண்ணிகளே. இந்த முடிச்சைக் கடலிலிருந்து மட்டும் அவிழ்க்க முடியாது.

அன்று வந்தவை பதினெட்டு பெரும் போர்க்கப்பல்கள். புவே, இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் ஆகிய மூன்றும் மூழ்கின. இன்ஃப்ளெக்சிபிள், கோலுவா, சுஃப்ரென் கடும் சேதத்தோடு வெளியேறின. புவே இரண்டு மூன்று நிமிடத்தில் கவிழ்ந்தது, அதில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். துருக்கியர் பக்கம் இறந்தவர்கள் நூறு பேருக்கும் கீழே. ஆனாலும் இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: பொழுது சாயும்போது அந்தப் பத்து வரிசைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

---

கோட்டைச்சுவர்

நான் எதிர்க்கட்சி, அலைமகன்.

மூழ்கிய மூன்றும் 1890களில் நீரில் இறக்கிய பழைய கப்பல்கள். வடகடலில் ஜெர்மனியர்களை எதிர்கொள்ளத் தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்டவை. இழந்தாலும் பரவாயில்லை என்று கணக்குப் போட்டுத்தானே அனுப்பினார்கள்? அப்படி இருக்க, முதல் அடியிலேயே ஏன் நிறுத்த வேண்டும்?

கடற்படைத் தளபதி டி ரோபெக்கின் தலைமை அதிகாரி ரோஜர் கீஸ் அன்றிரவே நீரிணைக்குள் திரும்பிப் போனார். கைவிடப்பட்ட இர்ரெசிஸ்டிபிளும் ஓஷனும் எதிரி கையில் சிக்காமல் பார்த்துக்கொள்ளப் போனவர் அவர். கரையில் ஒரே அமைதி. எதிரி தோற்றுவிட்டான் என்ற உறுதியோடு திரும்பினார், கடைசிவரை அதையே சொன்னார். இஸ்தான்புல்லில் அரசைத் தலைநகரிலிருந்து நகர்த்தும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. கோட்டைகளின் கனரகப் பீரங்கிகளுக்கான கவசம் துளைக்கும் குண்டுகள் குறைவாக இருந்ததும் உண்மை.

கீஸ் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மீன்பிடி டிராலர்களை நம்பிப் பயனில்லை என்று டெஸ்ட்ராயர்களில் (வேகமான சிறு போர்க்கப்பல்கள்) கண்ணி அகற்றும் கருவிகளைப் பொருத்தச் சொன்னார். ஏப்ரல் தொடக்கத்தில் அவை தயார். அப்போது இரண்டாவது முயற்சி செய்திருக்கலாம். செய்யவில்லை. இது துணிவில்லாத முடிவு என்பதே என் கருத்து.

---

நாகைக்கரை

டிராலர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக விசைப்படகுத் தொழில், அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கண்ணி அகற்ற வந்தவை வடகடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த படகுகள். ஆட்களும் மீனவர்கள்தான். இரண்டு படகுகள் இணையாகப் போகும், நடுவில் இரும்புக் கம்பிவடம். கண்ணியின் நங்கூரச் சங்கிலி வடத்தில் மாட்டினால் அதை ஆழம் குறைந்த பக்கம் இழுத்துப்போய் அழிக்க வேண்டும். மடி இழுக்கிற அதே வேலை, மீனுக்குப் பதில் வெடி.

டார்டனெல்ஸில் மேல்நீர் எப்போதும் மர்மராவிலிருந்து ஏஜியன் பக்கமே ஓடும், இரண்டிலிருந்து நான்கு நாட் வேகத்தில். வடத்தை இழுத்துக்கொண்டு எதிர் நீவாட்டில் (நீரோட்டத்தில்) அந்தப் படகுகள் போனால் நடக்கிற வேகம்கூட வராது. கரையில் இருப்பவன் நிதானமாகக் குறி பார்த்து அடிக்கலாம். அதனால் இரவில் கண்ணி வரிசைகளைத் தாண்டி மேலே போய், திரும்பி, நீவாட்டோடு இறங்கி வாரிக்கொண்டு வரலாம் என்று பார்த்தார்கள். தேடுவிளக்கு அவர்கள் முகத்தில் விழுந்தது. விளக்கைக் கப்பல் சுட்டால் அணைப்பார்கள், புகை கலைந்ததும் மறுபடி ஏற்றுவார்கள்.

மார்ச் 10 இரவு சில படகுகள் வேலையைச் செய்யாமலே திரும்பின. கீஸுக்குக் கடுங்கோபம். கண்ணி வெடித்துச் சாவது தொழிலோடு வருகிற ஆபத்து, அதை ஏற்கிறார்கள், பீரங்கிக் குண்டு அவர்கள் கணக்கில் இல்லை என்ற மாதிரித்தான் அவர்கள் அதிகாரி பதில் சொன்னார். இதை வைத்து அந்த மீனவர்களைக் கோழைகள் என்று எழுதுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. 13ஆம் தேதி இரவு கடற்படையிலிருந்தே தன்னார்வலர்களைச் சேர்த்து அனுப்பினார்கள். நின்று போராடினார்கள், துணைக்குப் போன அமெதிஸ்ட் கப்பலிலும் பலர் செத்தார்கள். கண்ணி வரிசை அப்படியே இருந்தது. ஆள் மாறியும் முடிவு மாறவில்லை என்றால் குறை ஆளிடம் இல்லை.

---

புதியவள்

நான் இந்தப் பகுதிக்குப் புதிது, அடிப்படைக் கேள்விகளாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குயின் எலிசபெத் கப்பலில் 15 அங்குலப் பீரங்கிகள் இருந்தன என்று படித்திருக்கிறேன். அவ்வளவு பெரிய பீரங்கியால் கரையில் இருக்கும் ஹவிட்சரை ஏன் அழிக்க முடியவில்லை? பத்து வரிசை கண்ணி இருப்பது தெரிந்தும் கப்பல்கள் எப்படிப் போய் மோதின?

---

அலைமகன்

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், சகோதரி. அவை மோதியது அந்தப் பத்து வரிசையில் இல்லை. பதினோராவதில்.

முந்தைய தாக்குதல்களில் கப்பல்கள் சுட்டு முடித்ததும் வலப்பக்கம் திரும்பி, ஆசியக் கரையோரம் இருந்த எரென்கோய் விரிகுடாவில் வளைந்து வெளியேறுவதைத் துருக்கியர்கள் கவனித்து வைத்திருந்தார்கள். மார்ச் 8 விடிவதற்கு முன் நுஸ்ரத் என்ற சின்னக் கப்பல் அந்த விரிகுடாவில் 26 கண்ணிகளைப் போட்டுவிட்டு வந்தது. மற்ற வரிசைகள் எல்லாம் நீரிணைக்குக் குறுக்காக இருந்தன. இது கரைக்கு இணையாக, நீளவாக்கில். பிரிட்டிஷ்காரர்கள் அந்தப் பகுதி சுத்தம் என்று நம்பினார்கள். பத்து நாள் கழித்து புவே திரும்பியது அங்கேதான். அதன் பிறகு இன்ஃப்ளெக்சிபிள், இர்ரெசிஸ்டிபிள், ஓஷன்.

இனி பீரங்கி. கப்பல் பீரங்கி இன்னொரு கப்பலை அடிக்கச் செய்யப்பட்டது. குண்டு மிக வேகமாக, தாழ்வான பாதையில் போகும். மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் ஒளிந்திருக்கிற ஹவிட்சரின் தலைக்கு மேலே பறந்து அப்பால் விழும், இல்லையென்றால் முன்னால் இருக்கும் மேட்டில் புதைந்துவிடும். ஹவிட்சரின் குண்டோ செங்குத்தாக ஏறி மேல்தளத்தில் இறங்கும். கோட்டையின் சுவரை இடிப்பதும் போதாது, பீரங்கியின் மீதே குண்டு விழுந்தால்தான் அது ஓயும். மண்ணையும் இடிபாட்டையும் தள்ளிவிட்டு மறுநாள் மறுபடி சுட ஆரம்பித்துவிடுவார்கள்.

குண்டு எங்கே விழுகிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். ஆர்க் ராயல் கப்பலில் கடல் விமானங்கள் இருந்தன, ஆனால் அலை கொஞ்சம் எழும்பினாலும் அவற்றால் மேலே கிளம்ப முடியாது. மார்ச் 5 அன்று குயின் எலிசபெத் கலிப்போலி தீபகற்பத்துக்கு மறுபுறம், காபா தெப்பே அருகே நின்றுகொண்டு மலைக்கு மேலாக இடுக்குக் கோட்டைகளைச் சுட்டது. நல்ல யோசனை. ஆனால் குறி சொல்லப் போன விமானம் ஒன்று கடலில் விழுந்தது, இன்னொன்றின் விமானி துப்பாக்கிக் குண்டில் காயப்பட்டார். கண் இல்லாமல் அவ்வளவு பெரிய பீரங்கி இருந்து என்ன பயன்?

---

புதியவள்

நன்றி, இப்போது புரிகிறது. சையித் என்ற துருக்கி வீரர் 275 கிலோ குண்டைத் தனி ஆளாகத் தூக்கிச் சுட்டு ஓஷனை மூழ்கடித்தார் என்ற கதை?

---

கோட்டைச்சுவர்

சையித் உண்மையான ஆள். ருமேலி மெஜிதியே பீரங்கி அணியில் இருந்தார். குண்டு தூக்கும் பாரந்தூக்கி உடைந்துவிட்டதால் கையாலேயே சுமந்தார் என்று துருக்கியில் சொல்கிறார்கள், சிலையும் உண்டு. நாம் எல்லோரும் பார்த்திருக்கும் அந்தப் புகைப்படம் மட்டும் பிறகு எடுத்தது, அதில் அவர் முதுகில் இருப்பது மரக்குண்டு. ஓஷனை முடித்தது கண்ணிதான்.

---

மலைமுகடு

எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தரையிறக்கத்தைப் பற்றியும் பேசுவோம், ஏனென்றால் அலைமகன் சொல்லும் முடிச்சை அவிழ்க்கத்தான் படையை இறக்கினார்கள். நோக்கம் இஸ்தான்புல்லுக்கு நடந்து போவது இல்லை. தீபகற்பத்தின் தெற்கு முனையில் ஏறி, கிலித்பஹீர் மேட்டைப் பிடித்து, கோட்டைகளையும் ஹவிட்சர்களையும் பின்பக்கமாக அடக்கிவிட்டால், டிராலர்கள் நிம்மதியாகக் கண்ணி வாரலாம். திட்டத்தில் தவறு இல்லை. நிறைவேற்றிய விதத்தைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

ஏப்ரல் 25. தெற்கு முனை ஹெல்லஸில் ஆங்கில எழுத்துகளால் பெயரிட்ட ஐந்து கடற்கரைகளில் பிரிட்டிஷ் 29ஆம் டிவிஷன் இறங்கியது. வி கடற்கரையில் ரிவர் கிளைட் என்ற பழைய நிலக்கரிக் கப்பலை வேண்டுமென்றே தரைதட்ட ஓட்டினார்கள். உள்ளே இரண்டாயிரம் பேர். பக்கவாட்டில் வெட்டிய வாசல்கள் வழியாக வெளியே வந்தவர்கள், எதிரே இருந்த சில நூறு துருக்கியர்களின் துப்பாக்கிக்கு நேராக வந்தார்கள். திறந்த படகுகளில் வந்த டப்ளின் படையினர் கரையைத் தொடும் முன்பே படகிலேயே செத்துக் கிடந்தார்கள். இருட்டும் வரை மிச்சப் பேர் கப்பலுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள்.

அதே காலையில், சில கிலோமீட்டர் வடக்கே, ஒய் கடற்கரையில் சுமார் இரண்டாயிரம் பேர் எதிர்ப்பே இல்லாமல் இறங்கி மேட்டில் ஏறிவிட்டார்கள். அவர்கள் தளபதி மேத்யூஸ் கிரித்தியா கிராமத்துக்கு அருகில்வரை நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். யாரும் இல்லை. அடுத்து என்ன செய்வது என்று மேலிடத்தைக் கேட்டார், பதில் வரவில்லை. தலைமைத் தளபதி ஹாமில்டன் குயின் எலிசபெத்தில் கரையோரமாகப் போய்க்கொண்டிருந்தவர் இதைக் கவனித்தார். ஒய் கரையில் இன்னும் ஆட்களை இறக்கட்டுமா என்று டிவிஷன் தளபதி ஹன்டர்-வெஸ்டனைக் கேட்டார். கேட்டாரே தவிர உத்தரவு போடவில்லை. அவர் வேண்டாம் என்றார். இரவு முழுக்கத் துருக்கியர்கள் தாக்கினார்கள், மறுநாள் எல்லோரும் படகேறித் திரும்பிவிட்டார்கள். அந்த இடத்தை அப்புறம் பிடிக்க எத்தனை உயிர் போனது! எனக்கு மொத்தப் போரிலும் இதைத்தான் தாங்க முடியவில்லை.

வடக்கே ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை இறங்கிய அரிபுர்னுவில் துருக்கித் தளபதி முஸ்தபா கெமால் தன் 57ஆம் ரெஜிமென்டை மேலிட உத்தரவுக்குக் காத்திருக்காமல் முகட்டுக்கு ஓட்டினார். உங்களைத் தாக்கச் சொல்லவில்லை, சாகச் சொல்கிறேன் என்று உத்தரவிட்டார். ஒரு பக்கம் முடிவெடுக்கிற ஆள் முகட்டிலேயே நிற்கிறார், இன்னொரு பக்கம் கடலில் மிதக்கிறார்.

இந்தியப் படைகளைப் பற்றியும் ஒரு வரி. மலைப்பீரங்கி அணிகள் முதல் நாளே ஆஸ்திரேலியர்களோடு இறங்கின. ஜூன் 4 அன்று கிரித்தியா சண்டையில் 14ஆம் சீக்கியப் படை ஒரே நாளில் பெரும்பகுதி ஆட்களை இழந்தது. ஆகஸ்ட் 9 அன்று 6ஆம் கூர்க்காக்கள் சாரி பயர் முகட்டின் உச்சியையே எட்டி, நீரிணையைக் கண்ணால் பார்த்தார்கள். சிறிது நேரத்தில் அவர்கள் மேலேயே பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. சுட்டது சொந்தக் கப்பல்களா, சொந்தத் தரைப் பீரங்கிகளா என்று இன்றும் வாதம் நடக்கிறது.

சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று: 1914 செப்டம்பர் 22 அன்று சென்னைத் துறைமுகத்தைச் சுட்ட எம்டனை, நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் முடித்த சிட்னி கப்பல், இதே ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றி வந்த கப்பல் வரிசைக்குக் காவலாக வந்ததுதான். அந்த வரிசை கொழும்பு வழியாக எகிப்துக்குப் போனது.

---

கோட்டைச்சுவர்

மலைமுகடு எழுதியதைப் படித்தபின் என் வாதத்தைக் கொஞ்சம் நகர்த்துகிறேன். கப்பல் மட்டும் போதும் என்று இனி வாதிட மாட்டேன். ஆனால் தரைப்படை தேவை என்று தெரிந்தும் அதை ஏன் பிப்ரவரியிலேயே கொண்டுவரவில்லை?

1914 நவம்பர் 3 அன்றே, முறையாகப் போர் அறிவிக்கும் முன்பே, கப்பல்கள் நீரிணை வாயிலில் செத்துல்பஹீர் கோட்டையைச் சுட்டு அதன் வெடிமருந்துக் கிடங்கை வெடிக்க வைத்தன. எங்கே வரப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட மாதிரி ஆனது. 1915 பிப்ரவரி 19 அன்று உண்மையான தாக்குதல் தொடங்கியது. 29ஆம் டிவிஷனைத் தருகிறேன் என்று 16ஆம் தேதி ஒப்புக்கொண்ட பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் சில நாளிலேயே மாட்டேன் என்றார், மார்ச் 10 அன்று மறுபடி சரி என்றார். கிரேக்கப் பிரதமர் வெனிசெலோஸ் மூன்று டிவிஷன் தருகிறேன் என்று முன்வந்தார், கிரேக்கர்கள் கான்ஸ்டான்டிநோபிளுக்குள் வரக்கூடாது என்று ரஷ்யா தடுத்தது. படை வந்தபோதோ கப்பல்களில் சரக்கு தாறுமாறாக ஏற்றப்பட்டிருந்தது, இறங்கியதும் வேண்டியது எல்லாவற்றுக்கும் அடியில். அலெக்சாண்டிரியாவுக்குப் போய் எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்றினார்கள். அந்த நான்கு வாரத்தில்தான் துருக்கிப் படைக்குத் தலைமை ஏற்ற ஜெர்மன் தளபதி லிமான் ஃபோன் சாண்டர்ஸ் வந்து, ஆறு டிவிஷன்களைச் சரியான இடங்களில் நிறுத்தி, சாலை போட்டு, முள்கம்பி கட்டி முடித்தார்.

பிப்ரவரி மாதக் கடைசியில் கடற்படையின் சிறு குழுக்கள் வாயில் கோட்டைகளில் இறங்கிப் பீரங்கிகளை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு வந்தன. அன்று ஒரே ஒரு டிவிஷன் கையில் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

---

அலைமகன்

இதை முழுமையாக ஏற்கிறேன், கோட்டைச்சுவர். உண்மையான "அப்படி நடந்திருந்தால்" மார்ச் 19 கிடையாது, பிப்ரவரிதான்.

மார்ச் 19க்கே திரும்பினால், இன்னும் ஒரு கேள்வி மிச்சம். கண்ணிகளையும் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கப்பல் மர்மராவுக்குள் போய்விட்டன என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்? பின்னால் இரு கரையும் எதிரி கையில். போர்க்கப்பலுக்கு நிலக்கரி வேண்டும், குண்டு வேண்டும். அவற்றைச் சுமந்து வருகிற சரக்குக் கப்பல்களுக்குக் கவசம் கிடையாது. 1807இல் அட்மிரல் டக்வொர்த் பாய்மரக் கப்பல்களோடு இதே நீரிணையைக் கடந்து தலைநகருக்கு எதிரே போய் நின்றார். நகரம் பணியவில்லை. கரைப் பீரங்கிகள் பலப்படுவதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே அடி வாங்கிக்கொண்டு திரும்பினார். 1915இல் மேலே யாவூஸ் வேறு, அதாவது பழைய ஜெர்மன் கோபென், காத்துக்கொண்டிருந்தது. நகரம் பீதியில் சரணடைந்திருக்கும் என்று அப்போதைய பிரிட்டிஷ் கடற்படை அமைச்சர் சர்ச்சில் நம்பினார். அது எதிராளியின் மனநிலை மேல் வைத்த பந்தயம்.

அந்தத் தடையைக் கடந்தவை நீர்மூழ்கிகள்தான். 1914 டிசம்பரிலேயே பி11 கண்ணிகளுக்கு அடியில் புகுந்து துருக்கியின் மெசூதியே கப்பலை மூழ்கடித்தது. ஏப்ரல் 25 அன்று ஆஸ்திரேலிய ஏஇ2, இரண்டு நாள் கழித்து இ14. மே மாதம் நாஸ்மித்தின் இ11 இஸ்தான்புல் துறைமுகத்துக்குள்ளேயே போய் டார்பிடோ விட்டது. கடல் வழியாக வந்த துருக்கியச் சரக்கில் பெரும்பகுதி தரைச் சாலைக்கு மாற வேண்டியதாயிற்று. இந்தப் படையெடுப்பில் கடற்படை உண்மையாகச் சாதித்தது இதுதான் என்பேன், இதைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் எழுதுவதில்லை.

இந்த ஆயுதம் மறுபக்கமும் இருந்தது. ஜெர்மன் நீர்மூழ்கி யூ-21 பிரிட்டிஷ் போர்க்கப்பல்களான டிரையம்பை மே 25இல், மெஜஸ்டிக்கை 27இல் கரையில் இருந்த படையின் கண்முன்னே மூழ்கடித்தது. பெரிய கப்பல்களைப் பிரிட்டிஷ்காரர்கள் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். பதுங்குகுழிகளில் இருந்தவர்களுக்கு அதுவரை இருந்த துணையும் போனது.

---

நாகைக்கரை

இரண்டாம் உலகப்போரிலும் இதே தவறு நடந்தது. 1944 செப்டம்பர் 4 அன்று ஆன்ட்வெர்ப் துறைமுகம் ஏறக்குறையச் சேதமில்லாமல் பிரிட்டிஷ் படை கையில் கிடைத்தது. ஆனால் துறைமுகம் கடலிலிருந்து எண்பது கிலோமீட்டர் உள்ளே. ஷெல்ட் முகத்துவாரத்தின் இரு கரையும் ஜெர்மனியர்களிடம், தண்ணீர் முழுக்கக் கண்ணி. கரைகளை உடனே பிடிக்காமல் ஆர்ன்ஹெம் பக்கம் போனார்கள். அப்புறம் கனடியப் படை சேற்றிலும் வெள்ளத்திலும் நின்று கரைகளைப் பிடித்தது, நவம்பர் 1 அன்று வால்கெரன் தீவில் இறங்கினார்கள், அதற்குப் பிறகு மூன்று வாரம் கண்ணி வாரினார்கள். முதல் சரக்குக் கப்பல் அணி உள்ளே வந்தது நவம்பர் 28. பிடித்த துறைமுகத்தை ஏறக்குறைய மூன்று மாதம் பயன்படுத்த முடியவில்லை.

அதே ஆண்டு ஜூனில் நார்மண்டியில் சரியாகச் செய்திருந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கண்ணிவாரிகள் முதலில் போய் வழி திறந்தன. அவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை.

---

புதியவள்

கடைசியாக ஒன்று. கீஸ் பிறகு தன் கருத்தை மாற்றிக்கொண்டாரா? டார்டனெல்ஸ் வழியாக நேசநாட்டுக் கப்பல்கள் எப்போதுதான் போயின?

---

அலைமகன்

மாற்றிக்கொள்ளவில்லை. 1915 அக்டோபரில் லண்டனுக்கே போய் இன்னொரு முறை கப்பல்களை அனுப்பச் சொல்லி வாதாடினார். ஏற்கவில்லை. டிசம்பரில் வடக்கே இருந்த சுவ்லாவையும் அன்சாக்கையும் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை இருந்த பகுதி), 1916 ஜனவரி 9 விடிவதற்குள் ஹெல்லஸையும் காலி செய்துவிட்டார்கள். நேசநாட்டுத் தரப்பில் இறந்தவர்கள் ஏறக்குறைய 44,000, துருக்கியர்கள் 86,000க்கும் மேல்.

நேசநாட்டுக் கப்பற்படை அந்த வழியே போனது 1918 நவம்பரில். அக்டோபர் 30 அன்று முத்ரோஸில் போர்நிறுத்தம் கையெழுத்தான பிறகு, கரைக் கோட்டைகள் ஒப்படைக்கப்பட்டு, கண்ணிவாரிகள் வேலையை முடித்த பிறகு.

மலைமுகடு, சுவ்லா தரையிறக்கத்துக்கு நீங்களே தனி இழை தொடங்குங்கள். அங்கே படையை நடத்திய தளபதி ஸ்டாப்ஃபோர்டின் தாமதத்தைப் பற்றி கோட்டைச்சுவருக்கும் எனக்கும் இன்னும் தீராத சண்டை இருக்கிறது, அதை அங்கே வைத்துக்கொள்கிறோம்.